மின்சாரமா, வெளிச்சமா? – அமுல்யா ரெட்டி போட்ட கணக்கு

நோட்டீஸ் போர்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நம் பொது மின் இணைப்பின் பில் ஒட்டப்படுகிறது. போகும்போதும் வரும்போதும் பார்த்திருப்பீர்கள். மாடிப்படி விளக்கு, போர் மோட்டார், லிஃப்ட், வாட்ச்மேன் அறை ஃபேன் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 2022 செப்டம்பர் வரை இந்த இணைப்புக்கும் வீட்டு விகிதம்தான் போட்டார்கள். அந்த மாதம் வந்த கட்டண மாற்றத்தில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு 1-டி என்று ஒரு தனி வகை வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பிறகு சில பைசாக்கள் கூடியும் இருக்கிறது. 2023 நவம்பரில் பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறிய கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசு என்று குறைத்தார்கள். நமக்கு லிஃப்ட் இருக்கிறது, சலுகை இல்லை.

அதனால்தான் 'மொட்டை மாடியில் சோலார் போட்டுவிடலாமே' என்ற பேச்சு சூடு பிடித்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவிலும் அது வரப்போகிறது. போட வேண்டும் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்துதான். எத்தனை கிலோவாட் என்பதில்தான் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். 5 என்கிறார் ஒருவர், 10 என்கிறார் இன்னொருவர், 15 போட்டால்தான் லாபம் என்கிறார் மூன்றாமவர். இந்த எண்ணெல்லாம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், மொட்டை மாடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதிலிருந்து வந்திருக்கிறது. அந்த மின்சாரம் என்ன வேலை செய்யப்போகிறது என்று யாரும் இன்னும் பட்டியல் போடவில்லை.

இதே கேள்வியை ஒரு மாநிலத்தின் அளவில் கேட்டு, விடையையும் கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவரைப் பற்றி இந்த இதழில் உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் பெயர் அமுல்யா குமார் என். ரெட்டி. நம் ஊர்க்காரர் அல்ல. பெங்களூரில் 1930-ல் பிறந்தவர். ஆனால் அவருடைய உத்தியோக வாழ்க்கையின் தொடக்கம் நம் தமிழ்நாட்டில், காரைக்குடியில்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம் அது. 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த ரெட்டி, 1958-லிருந்து 1961 வரை அங்கே வேலை பார்த்தார். பிறகு அமெரிக்கா போய் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் போக்ரிஸ் என்ற புகழ்பெற்ற மின்வேதியியல் அறிஞருடன் சேர்ந்தார். இருவரும் எழுதிய 'மாடர்ன் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி' என்ற இரண்டு பாகப் புத்தகம் 1970-ல் வந்தது. அந்தத் துறையில் படித்தவர்கள் வீட்டில் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'போக்ரிஸ் அண்ட் ரெட்டி' என்று சொன்னால் உடனே புரியும். 1966-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குத் திரும்பினார். அதே பாதையில் போயிருந்தால் நிறைய மெடல் வாங்கிய ஒரு வேதியியல் பேராசிரியர் என்பதோடு அவர் கதை முடிந்திருக்கும்.

அவரைத் திருப்பிவிட்டது 1970-களின் தொடக்கம். 1973 அக்டோபரில் மேற்காசியப் போர் வந்தது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆனது. நம் வயதுக்காரர்களுக்கு மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நின்றது நினைவிருக்கும். உலகமே எண்ணெய் விலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது ரெட்டிக்கு வேறொரு கவலை வந்தது. நம் நாட்டு கிராமத்தில் பெரும்பாலானோர் எண்ணெயோ மின்சாரமோ அதிகம் பயன்படுத்துவதே இல்லையே, அவர்களுடைய எரிசக்திக் கணக்கை யார் வைக்கிறார்கள்? 1974-ல் அறிவியல் நிறுவனத்துக்குள்ளேயே 'அஸ்த்ரா' என்ற அமைப்பை அவர் முன்னின்று தொடங்கினார். கிராமத்துக்கு உதவும் தொழில்நுட்பம் என்பது அதன் நோக்கம். தும்கூர் மாவட்டத்தில் குனிகல் தாலுகாவைச் சேர்ந்த சில கிராமங்களில் வீடு வீடாகப் போய், விறகு எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் தண்ணீர் சுமக்கிறார்கள், மாடு எவ்வளவு நேரம் உழுகிறது என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்று புரா. அங்கே செலவாகும் மனித உழைப்பில் 53 சதவீதம் பெண்களுடையது, 31 சதவீதம் ஆண்களுடையது, மிச்சம் 16 சதவீதம் குழந்தைகளுடையது என்று கணக்கு வந்தது. எரிசக்தி என்றால் நிலக்கரி, டீசல், மின்கம்பம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தலையில் சுமக்கும் விறகையும் இடுப்பில் சுமக்கும் குடத்தையும் அதே பேரேட்டில் பதிவு செய்தார்கள். இதை ஒரு பெரிய காரியமாகவே நான் நினைக்கிறேன். பேரேட்டில் ஏறாத செலவு யார் கண்ணிலும் படாது என்பது கணக்கு எழுதிய எல்லோருக்கும் தெரியும்.

புராவில் முதலில் செய்த திட்டம் சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் மாட்டுச் சாணத்தை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சாண எரிவாயு தயாரித்து, வீட்டுக்கு வீடு சமைக்கக் கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். சாணம் போதவில்லை, வாயுவும் போதவில்லை. அதைவிட, அந்த ஊர் மக்களின் பெரிய குறை சமையல் எரிபொருளே அல்ல. காட்டில் விறகு காசில்லாமல் கிடைத்தது; குடிதண்ணீர்தான் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு உணர்ந்த பிறகு திட்டத்தையே மாற்றினார்கள். வாயுவை ஒரு சிறிய என்ஜினில் கொடுத்து ஜெனரேட்டரை ஓட்டி, 1987-லிருந்து ஆழ்குழாய்த் தண்ணீரும் வீட்டுக்கு ட்யூப்லைட் வெளிச்சமும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் கூலி உண்டு, கரைசல் உரமாகத் திரும்பிப் போகும். ஊர்க்காரர்களே நடத்தினார்கள், சுமார் பத்து வருஷம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

நின்றுவிட்டதே என்று சிலர் இதைத் தோல்வி என்று சொல்வதுண்டு. ஆனால் ரெட்டியின் பிற்காலச் சிந்தனை முழுக்க இந்தக் கிராமத்திலிருந்து வந்தது. மக்களுக்கு யூனிட்டும் வேண்டாம், கிலோவாட்டும் வேண்டாம். வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், வெந்த சோறு வேண்டும். மின்சாரம் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். மிகச் சாதாரணமான விஷயமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் அரசாங்கத் திட்டக் கமிட்டி ஒன்று இப்படி யோசிக்க ஆரம்பித்தால் கணக்கே தலைகீழாகிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

1987-ல் கர்நாடக அரசு மின் திட்டங்களுக்கான நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. கடந்த வருஷங்களில் தேவை எப்படி வளர்ந்ததோ அதே வேகத்தில் மேலும் வளரும் என்று வைத்துக்கொண்டு, 2000-ஆம் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,750 கோடி யூனிட்டும் 9,400 மெகாவாட் நிலையத் திறனும் வேண்டும் என்று சொன்னார்கள். அதற்கு அனல், அணு, நீர் என்று வரிசையாகப் பெரிய நிலையங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை கோடியையும் கொட்டிக் கட்டி முடித்தாலும் 2000 வரை பற்றாக்குறை தீராது என்று அந்தத் திட்டமே ஒப்புக்கொண்டது.

நான் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கடனைச் சிபாரிசு செய்யும் அதிகாரம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் ஃபைல்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். எஸ்டேட்டில் லேத் பட்டறை வைக்க லோன் கேட்டு வருபவர், மூன்று வருஷத்தில் விற்பனை இரண்டு மடங்காகும் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். நல்ல மேனேஜராக இருந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: 'வாங்கப்போவது யார்?' ஆர்டர் காப்பி இருந்தால் பேச்சு தொடரும். இல்லையென்றால் ஃபைல் அங்கேயே நிற்கும். ரெட்டி அந்த 9,400 மெகாவாட் அறிக்கையை எடுத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டார். இந்த மின்சாரத்தை வாங்கி என்ன செய்யப்போகிறார்கள்?

கிளாடிஸ் சுமித்ரா, பாலச்சந்திரா, ஆன்டனெட் டிசா ஆகிய சக ஆய்வாளர்களுடன் உட்கார்ந்து, கர்நாடகத்தின் மின்சாரம் எந்தெந்த வேலைக்குப் போகிறது என்று பிரித்தார். வீட்டு விளக்கு, பாசன பம்ப்செட், தொழிற்சாலை மோட்டார், குளிக்கச் சுடவைக்கும் ஹீட்டர் என்று. எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு கொடுத்துவிடுவதாக முதலில் வைத்துக்கொண்டார். ஏழைகளை விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பது அவர் கணக்கில் கிடையாது. பிறகு அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய என்ன வழி என்று பார்த்தார். குண்டு பல்புக்குப் பதில் சி.எஃப்.எல்., மின்சார கீஸருக்குப் பதில் சூரிய வெந்நீர், பழைய பம்ப்செட்டின் ஃபுட் வால்வையும் குழாயையும் மாற்றுவது, நல்ல மோட்டார் போடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு யூனிட் மிச்சப்படுத்த எவ்வளவு செலவு என்று விலை போட்டார். ஒரு யூனிட் உற்பத்தி செய்ய ஒவ்வொரு வகை நிலையத்திலும் எவ்வளவு ஆகும் என்பதையும் அதே பட்டியலில் வைத்தார். மலிவானதிலிருந்து ஆரம்பித்து, தேவை தீரும் வரை மேலே ஏறிக்கொண்டே போனார். சேமிப்பும் சர்க்கரை ஆலைகளின் கூட்டு மின் உற்பத்தியும் சிறு நீர்மின் நிலையங்களும் முன்னால் வந்தன. பெரிய நிலையங்கள் பின்வரிசைக்குப் போயின.

விடை: 2000-க்கு 1,790 கோடி யூனிட்டும் சுமார் 4,000 மெகாவாட்டும் போதும். அரசுக் கணக்கில் யூனிட் 38 சதவீதம், மெகாவாட் 42 சதவீதம். செலவும் அதற்கேற்பச் சுருங்கியது. 1991 ஏப்ரலில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் இந்தக் கட்டுரை இரண்டு பகுதிகளாக வந்தது. தன் முறைக்கு 'டிஃபெண்டஸ்' என்று பெயர் வைத்தார். வளர்ச்சியைக் குறிவைத்து, இறுதிப் பயனிலிருந்து தொடங்கி, சேவையைக் கணக்கிடும் முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பழைய முறைக்கு 'கிராஸ்கான்' என்று பெயர் வைத்துக் கொஞ்சம் கிண்டலும் செய்தார். பெயர் வைப்பதில் அவருக்கு ஒரு ஆசை இருந்திருக்கிறது!

அரசு அந்தக் கணக்கை எடுத்து நடத்தவில்லை. அந்த வருஷமே நாட்டில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. மின்துறையில் தனியார் வரலாம் என்றார்கள். 1992-ல் மகாராஷ்டிரத்தில் என்ரான் கம்பெனியின் தபோல் திட்டத்துக்குப் பேச்சு தொடங்கியது. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையான கட்டணம் கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. 1999-ல் முதல் கட்டம் ஓட ஆரம்பித்தது, 2001-ல் மகாராஷ்டிர மின்வாரியம் விலை கட்டாமல் வாங்குவதையே நிறுத்திக்கொண்டது. தேவையை மிகைப்படுத்திப் போட்ட மதிப்பீட்டுக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு ரெட்டி தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சேர்த்தால்தான் அவர் ஏன் சேமிப்பை முதலில் வைத்தார் என்பது புரியும். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூர் வந்து சேர்கிறது. அந்த நிலக்கரியில் 100 பங்கு சக்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் சுமார் 35 பங்குதான் மின்சாரமாகிறது. கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் போனது போக வீட்டுக்கு 28 பங்கு வரலாம். பழைய குண்டு பல்பு அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் வெளிச்சமாக்கும், மிச்சமெல்லாம் சூடு. ஆக, தால்சேரில் தோண்டிய 100-ல் நம் மாடிப்படிக்கு வெளிச்சமாக வந்தது ஒன்றரைப் பங்கு. பல்பு இருக்கும் இந்த முனையில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால், சுரங்கத்தின் முனையில் மூன்றரை யூனிட்டுக்கான நிலக்கரி மிஞ்சுகிறது. புகையும் அந்த அளவு குறைகிறது.

ரெட்டியை வெறும் கர்நாடக விவகாரமாக நினைத்துவிட வேண்டாம். பிரேசிலின் ஜோஸ் கோல்டம்பெர்க், ஸ்வீடனின் தாமஸ் யோஹான்சன், அமெரிக்காவின் ராபர்ட் வில்லியம்ஸ் ஆகியோருடன் அவர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. ஆளுக்கு ஒரு கிலோவாட் இருந்தால் அடிப்படைத் தேவையும் அதற்கு மேலும் கிடைக்கும் என்பது அதன் சாரம். எல்லா எரிசக்தியையும் சேர்த்து, ஒரு மனிதருக்கு இடைவிடாமல் ஒரு கிலோவாட். விறகையும் சாணத்தையும் சேர்த்தால் வளரும் நாடுகள் அன்று செலவழித்ததும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதே சக்தியைத் திறமையான அடுப்பு, விளக்கு, மோட்டார் வழியாகச் செலவழித்தால் 1970-களின் மேற்கு ஐரோப்பிய வாழ்க்கைத் தரம் வரும் என்று காட்டினார்கள். 1988-ல் இந்த நால்வரும் எழுதிய 'எனர்ஜி ஃபார் எ சஸ்டெய்னபிள் வேர்ல்ட்' புத்தகம் அதன் விரிவு. பணக்கார நாடுகள் நடந்த வழியெல்லாம் நாமும் நடக்க வேண்டியதில்லை, தவளை போலத் தாண்டலாம் என்பது அவர்கள் வாதம். 1991-ல் அறிவியல் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 'இன்டர்நேஷனல் எனர்ஜி இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைசி வரை ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் இதையே செய்துகொண்டிருந்தார். 2000-ல் வால்வோ சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

அணுமின்சாரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு அவர் முன்வைத்தது பெரும்பாலும் வட்டிக் கணக்கு. எம்.வி. ரமணா, ஆன்டனெட் டிசா இருவருடன் சேர்ந்து 2005-ல் கைகா அணுமின் நிலையத்தையும் ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தின் ஏழாவது அலகையும் ஒப்பிட்டார். அணுமின் நிலையம் கட்ட வருஷங்கள் ஆகும், முதல் பணம் அதிகம், பிறகு எரிபொருள் செலவு குறைவு. எனவே வட்டி மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே அது மலிவு; நாட்டில் நடைமுறையில் இருக்கும் வட்டியைப் போட்டால் அனல்மின்சாரமே மலிவு என்று வந்தது. லோன் எடுத்து வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எட்டு சதவீதத்துக்கும் மூன்று சதவீதத்துக்கும் இருபது வருஷத்தில் என்ன வித்தியாசம் என்பது உங்கள் பாஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. கரிப்புகைக்கு இன்று உலகம் வைக்கும் விலையையும் அந்தக் கணக்கில் ஏற்றினால் விடை கொஞ்சம் நகரலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தேசபக்தியைக் கொண்டோ பயத்தைக் கொண்டோ பேசாமல் வரவு செலவைக் கொண்டு பேசினார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இனி நம் மேனாம்பேட்டுக்கு வருவோம். அவர் எழுதியவற்றில் நம்மை நேராகச் சுட்டுவது 1991-ல் வந்த இன்னொரு கட்டுரை. சிக்கனமான சாதனம் லாபம் என்று தெரிந்தும் மக்கள் ஏன் மாற்றுவதில்லை என்று கேட்டு, மக்களை ஆறு வகையாகப் பிரித்தார். லாபம் இருப்பதே தெரியாதவர்கள். தெரிந்தாலும் முதல் செலவுக்குக் கையில் காசு இல்லாதவர்கள். மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டா என்று விட்டுவிடுபவர்கள். யாரிடம் போய் என்ன வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள். நாளைக்கு விலை என்ன ஆகுமோ என்று தள்ளிப்போடுபவர்கள். ஆறாவது வகைக்கு அவர் வைத்த பெயர், விரயத்தின் வாரிசுகள். அதாவது ஒருவர் சாதனம் வாங்குகிறார், இன்னொருவர் அதற்கு பில் கட்டுகிறார்.

அடுக்குமாடிக்காரர்கள் எல்லோருமே இந்த ஆறாவது வகை. ட்யூப்லைட்டின் சோக், மோட்டாரின் ஹெச்.பி., குழாயின் அளவு எல்லாம் பில்டர் முடிவு செய்தது. அவருக்குச் செலவு குறைய வேண்டும். மின்சார பில் அவருடையது இல்லையே. நாம் சாவி வாங்கிக்கொண்டு வந்தபோது அந்த விரயத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம். பிறகு மோட்டார் எரிந்தால் எஸ்டேட் பக்கம் கொண்டுபோய் காயில் கட்டிக்கொண்டு வருகிறோம். காயில் கட்டுவது கேவலமான வேலை ஒன்றும் இல்லை, எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று முறை கட்டிய பழைய மோட்டார், அதே தண்ணீரை ஏற்றக் கூடுதல் கரன்ட் இழுக்கும். புது மோட்டாரின் விலை ஒரே நாளில் கண்ணில் படுகிறது. பழையதின் விலை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படுகிறது.

ரெட்டியின் பட்டியல் நாட்டிலும் மெதுவாகத்தான் நடந்தது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நீங்கள் பார்க்கும் நட்சத்திர ஸ்டிக்கர் 2006 மே மாதம் தொடங்கியது. அதே மே மாதம் 7-ஆம் தேதி பெங்களூரில் ரெட்டி காலமானார். எல்.இ.டி. பல்பை அரசு மொத்தமாக வாங்கியபோது 2014-ல் 310 ரூபாய் இருந்த கொள்முதல் விலை, இரண்டே வருஷத்தில் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. முதல் செலவுக்கு அஞ்சும் இரண்டாவது வகைக்காரருக்கு அதுதான் மருந்து, அறிவுரை அல்ல. நடுவில் நாம் 2012-ஐப் பார்த்தோம். சென்னைக்கு தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். எஸ்டேட்டில் டீசல் ஜெனரேட்டர் சத்தம் கேட்காத தெரு இல்லை. அப்போது எல்லோரும் கேட்டது 'இன்னும் எத்தனை மெகாவாட் வேண்டும்' என்ற கேள்வியைத்தான். இன்று தமிழ்நாட்டில் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருமைதான். ஆனால் அந்தக் காற்று வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். சூரியன் மாலையில் போய்விடும். காற்றும் வெயிலும் இல்லாத நேரத்தில் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ, அந்த அளவுக்குத்தான் நிலக்கரியை விட முடியும். சுத்தமான மின்சாரத்துக்கு ஆதரவானவர்கள்கூட இந்தப் பாதியைப் பேசுவது குறைவு.

நம் கட்டடத்துக்கு ரெட்டி முறையில் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். பழைய சோக் போட்ட ட்யூப்லைட் ஒன்று சுமார் 50 வாட் இழுக்கும். அப்படி 20 லைட் மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்தால் ஒரு இரவுக்கு 12 யூனிட். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 4.8 யூனிட். மிச்சம் 7.2 யூனிட். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த 20 லைட்டை மாற்றுவது ஏறக்குறைய 1.8 கிலோவாட் சோலார் போட்டதற்குச் சமம். லைட் ஒன்று 250 ரூபாய் என்றாலும் 5,000 ரூபாய்தான் ஆகும். இரண்டு மாதத்தில் மிச்சமாவது 432 யூனிட், 8 ரூபாய் வீதம் 3,456 ரூபாய். மூன்றாவது மாதத்துக்குள் முதல் திரும்பிவிடுகிறது. 1.8 கிலோவாட் பேனலை 5,000 ரூபாய்க்கு யாராவது கொடுப்பார்களா?

மோட்டாரையும் பாருங்கள். 5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 4.5 கிலோவாட் இழுக்கும். டேங்க் நிரம்பி மொட்டை மாடியில் வழிந்து, யாரோ பார்த்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவர் வந்து அணைப்பதற்குள் தினம் கால் மணி நேரம் போகிறது என்றால் ஒரு யூனிட்டுக்கு மேல் வீண். இரண்டு மாதத்தில் 500 ரூபாய்க்கு மேல். ஒரு லெவல் கன்ட்ரோலர் அதை நிறுத்தும். தண்ணீரும் மிஞ்சும், ஏப்ரல், மே மாதத்தில் லாரிக்குப் பணம் கட்டுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 10 கிலோவாட் போட்ட பிறகு லைட்டையும் மோட்டாரையும் மாற்றினால், தேவைக்கு மேல் போட்ட பேனலுக்கு நாம் கொடுத்த பணம் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். முதலில் மாற்றிவிட்டு, இரண்டு பில் காலம் மீட்டரைப் பார்த்துவிட்டு, மிச்சத் தேவைக்குப் பேனல் போட்டால் ஒருவேளை 5 கிலோவாட்டே போதும். பொது மீட்டரின் உபரி யூனிட்டை எந்த முறையில் கணக்கு வைப்பார்கள் என்பதையும் செக்ஷன் ஆபீஸில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பெரிய நிலையம் கட்ட வங்கிகள் வரிசையில் நிற்கும், சின்னச் சின்னச் சேமிப்புக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது என்பதும் ரெட்டி சொன்ன தடைகளில் ஒன்று. வங்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை நான் மறுக்க மாட்டேன். 5,000 ரூபாய்க்கு லோன் ஃபைல் திறந்தால், ஃபைலுக்கு ஆகும் செலவே அதிகம். நமக்கு நல்லவேளையாகக் கடன் தேவையில்லை, கார்ப்பஸ் நிதியின் ஒரு மாத வட்டியிலேயே முடிந்துவிடும்.

பொதுக்குழுவுக்கு முன்னால் பம்ப் ரூம், மாடிப்படி, பார்க்கிங், ஜெனரேட்டர் அறை நான்கையும் சுற்றி வந்து, எந்தச் சாதனம், எத்தனை வாட், தினம் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் வாட் போட்டிருக்கும். துரு பிடித்திருந்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைதான். பிளாக்குக்கு ஒருவர் வந்தால் போதும். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.